தறிக்குழியில் ஊற்று

சின்ன காஞ்சிபுரம்,
கார்த்திகை முதல் வாரம்.

மாப்பிள்ளை ராமராஜன் அவர்களுக்கு, உங்கள் மனைவி சுகாசினியின் அண்ணன் பரசுராமன் எழுதுவது.

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நலமா இல்லையா என்பது நீங்கள் இதைப் படித்துவிட்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. போனில் பேசலாமே என்று தோன்றும். போனில் நான் குரலை உயர்த்தினால் "சரி மச்சான், சரி மச்சான், டவர் இல்ல" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிற துரைக்கண்ணுவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கடைசி வரி வரை நீங்கள் படிக்கிறவரை எதிரிலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

வெள்ளம் வந்த அன்று நடந்ததைச் சுகாசினி உங்களிடம் பாதிதான் சொல்லியிருப்பாள். மீதியை நான் சொல்கிறேன்.

அன்று காலை செவிலிமேட்டில் உங்கள் தெருவில் மழைத்தண்ணீர்கூட நிற்கவில்லை. ஆனால் தறிக்குழியில் ஊற்று எடுத்துவிட்டது. கால் வைத்து மிதிக்கிற அந்தக் குழிக்குள், அடியிலிருந்து, சத்தமில்லாமல். பாலாற்றில் தண்ணீர் ஏறினால் குழித்தறி இருக்கிற வீட்டுக்குத்தான் முதலில் தெரியும். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ அதற்கப்புறம்தான் வரும். பக்கத்து வீடுகளில் குழி ஈரமானதும் தறியில் நீட்டியிருந்த பாவு நூலை அறுத்தார்கள், சுருட்டிப் பரண்மேல் போட்டார்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். என் தங்கை போகவில்லை.

ஏனென்றால் தறியில் இருந்தது உங்கள் அக்கா மகளின் முகூர்த்தச் சேலை. பாதி நெய்த முகூர்த்தச் சேலையில் கத்தரி வைத்தால் கட்டிக்கொள்கிற பெண்ணுக்கு ஆகாது என்பது உங்கள் வீட்டுப் பழக்கம். அவள் உங்களைக் கேட்டாள். நீங்கள் ஏசிக் காற்றில் உட்கார்ந்துகொண்டு, "எங்கப்பா காலத்துலயே அங்க தண்ணி வந்ததில்ல, கத்தரி மட்டும் வெச்சிடாத" என்றீர்கள். உங்கள் அப்பா காலத்தில் அங்கே தெருவே கிடையாது, மாப்பிள்ளை. முள்ளுக்காடு. தண்ணீர் வந்ததா இல்லையா என்று ஓணானைத்தான் கேட்க வேண்டும்.

நான் என் சேலைக்கடை வேனை அனுப்பினேன். டிரைவர் வேணுகோபால் வாசலில் நின்று, "ரோடு முழுகிக்கினு இருக்குதும்மா, பாப்பாவ இட்டுக்கினு வந்து ஏறும்மா" என்று கெஞ்சியிருக்கிறார். இவள் குழிக்கரையில் உட்கார்ந்து வாளியில் மொண்டு கொடுக்கிறாள். திரிஷா, எட்டு வயசுக் குழந்தை, வாங்கிப்போய்ப் பின்பக்கம் ஊற்றுகிறது. ஆற்றை வாளியால் இறைக்கிறார்கள் தாயும் மகளும்! நான் போனில் கத்தினேன். "பட்டு என்னுது, ஜரிகை என்னுது, நான்தான் உனக்குக் குடுத்தேன். நானே சொல்றேன், அறுத்துட்டு வா" என்றேன். அதற்கு அவள், "நீ சொல்லிட்டுப் போயிடுவண்ணா. நாளைக்கு அந்தப் பொண்ணுக்குத் தலைவலி வந்தாகூட என்னைத்தான் சொல்வாங்க. அவர் சொல்லட்டும், அறுக்கறேன்" என்றாள்.

அவர் சொல்லவில்லை. ஊறிப்போயிருந்த பின்சுவர் சரிந்து அவள் கால்மேல் விழுந்தது. குழந்தை அப்போதுதான் காலி வாளியோடு உள்ளே வந்திருந்தது. வேணுகோபால் அதைக் கழுத்தில் உட்காரவைத்துக்கொண்டு, இவளை அக்குளில் கைகொடுத்து இழுத்துக்கொண்டு, தண்ணீரில் நடந்து வண்டிக்கு வந்தார். அவர் உங்களுக்கு உறவும் இல்லை, சாதிசனமும் இல்லை. என்னிடம் சம்பளத்துக்கு இருப்பவர்.

ஆஸ்பத்திரியில் காலுக்குக் கட்டுப் போடும்போது உங்கள் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். உங்கள் முதல் கேள்வி: "பாவு என்னாச்சு?" நர்ஸ் அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் எங்கே பார்ப்பேன்?

பாவு சேறாகிவிட்டது. போகட்டும். பேருந்து பேருந்தாக ஏறி, சேலை மூட்டையைத் தோளில் சுமந்து விற்று, கடை போட்டவன் நான். எந்தச் சரக்கைக் காப்பாற்ற வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று எனக்குத் தெரியும். அறுத்த பாவை இழை இழையாக முடிந்து சேர்ப்பதற்கே நம் ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். எலும்பைச் சேர்த்தால் பழைய கால் வருமா என்று டாக்டரே உறுதியாகச் சொல்லவில்லை.

உங்கள் அக்கா வந்து பார்த்தார். "பொடவ போனா போவுது, ஒன்ன யாருடி அங்க இருக்கச் சொன்னது?" என்று அழுதார். நீங்கள்தான் என்று நான் சொல்லியிருப்பேன். சுகாசினி என் கையைப் பிடித்து அழுத்தினாள், விட்டுவிட்டேன்.

சுவரைத் திரும்பக் கட்டியாயிற்று. ரேஷன் கார்டு, ஆதார், வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு, மூடி இறுகுகிற டப்பாவில் வைத்திருக்கிறேன். டார்ச், மாத்திரை, பொரி, தண்ணீர் கேன், குழந்தைக்கு ஒரு ஸ்வெட்டர் எல்லாம் ஒரே பையில், வாசல் ஆணியில். தறிக்காலில் கத்தரிக்கோலையும் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். குழியை மூடிவிட்டு, தரைக்கு மேலே நிற்கிற தறி வாங்கித் தருகிறேன் என்றேன். அதற்கும் உங்களைத்தான் கேட்க வேண்டுமாம்.

இப்போது என் வீட்டில் கட்டிலில் இருக்கிறாள். கட்டுப் பிரித்ததும் போய்விடுவேன் என்கிறாள். வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது என்று சொன்னீர்களாமே! வங்கக்கடலில் இன்னொரு புயல் சுழன்றுகொண்டிருக்கிறது என்று டிவியில் சொல்கிறார்கள். அது இல்லாவிட்டால் அடுத்த வருஷம் ஒன்று. மறுபடி குழியில் ஊறும். மறுபடி அவள் கையில் வாளிதான் இருக்கும், கத்தரி இருக்காது. கத்தரி கைக்கெட்டும் தூரத்தில்தான் தொங்குகிறது, ஆனால் உங்கள் உத்தரவு மஸ்கட்டில் இருக்கிறதே.

நீங்கள் சொல்லாவிட்டால் என்ன செய்வேன் தெரியுமா என்று மிரட்டி ஒரு பத்தி எழுதினேன். கிழித்துவிட்டேன். என்னால் ஒன்றும் செய்ய முடியாது. கடையில் இருபது பேர் என் சொல்லுக்கு நிற்கிறார்கள், கூடப் பிறந்தவள் நிற்கமாட்டேன் என்கிறாள். புருஷன் சொல்லட்டும் என்கிறாள்.

அதனால் கேட்கிறேன். இன்றைக்கே போன் போடுங்கள். கால் எப்படி இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். அப்புறம் உங்கள் வாயால் சொல்லுங்கள்: குழியில் ஈரம் கண்டால் எந்தச் சேலையாக இருந்தாலும் அறுத்துப் போடு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பு, என்னைக் கேட்காதே என்று. திரிஷாவுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்லுங்கள். அம்மா மறந்தாலும் அது மறக்காது.

காமாட்சி உங்களுக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். அதில் ஒரு நாள்கூட என் தங்கை இல்லாமல் நீங்கள் இருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
கோபம் குறையாத உங்கள் மைத்துனன்,
பரசுராமன்