யார் வேண்டுமானாலும் மாற்றலாம்

என்னங்க,

நம் மகள் காய்ச்சலில் இறந்துபோனதை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், இயேசுவின் சீடராக வாழச் சொல்லிக்கொடுக்கும் உங்கள் சீஷத்துவப் பாடத்தில் எழுதினீர்கள். "யார் வேணும்னாலும் மொழிபெயர்க்கலாம், மாத்திக்கலாம், எல்லாம் இலவசம்" என்று சபையில் பெருமையடித்தீர்கள். வாரிக் கொடுக்க அவள் உங்களுக்கு மட்டுமா மகள்?

நீங்கள் சபை முகாமுக்குப் போனபின், வேறொரு மொழிக்குப் போன அந்தப் பாடத்தைக் கணினியில் நம் மொழிக்குத் திருப்பிப் படித்தேன். அங்கே யாரோ முடிவை மாற்றியிருக்கிறார்கள். காய்ச்சல் இறங்கி, அவள் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்கிறாள்.

மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும் உங்கள் ஆட்கள் அதைத் தவறென்று சிவப்புக் குறி போட்டு, திருத்தச் சொல்லி உங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

அதில் கை வைத்தீர்கள் என்றால் நான் மனுஷியாக இருக்க மாட்டேன். அந்த ஒரு மொழியிலாவது அவள் இருந்துவிட்டுப் போகட்டும்.

உங்கள் மகளின் அம்மா