குடம் குடுத்தாரு, தண்ணி எங்க?

மரக்காணம்
28-10-2006

எங்க தங்கம் கிருபாவுக்கு, அப்பா ஆசையா எழுதுறது. மாதா தயவுல இங்க நான், உங்க அம்மா, வெள்ளாடு, அது போன வாரம் போட்ட ரெண்டு குட்டி எல்லாரும் நல்லா இருக்கோம். அந்த ஒஹையோ குளிர்ல நீயும் உன் ரூம்ல கூட இருக்கிற பொண்ணும் காய்ச்சல் சளி இல்லாம நல்லா இருப்பீங்கன்னு நம்புறோம். இங்க மழை பிடிச்சுக்கிச்சு, அளத்துல பாத்தி பூரா தண்ணி நிக்குது, உப்பைக் குவிச்சு கீத்துப் போட்டு மூடியாச்சு, இனிமே பொங்கல் கழிஞ்சுதான் வேலை. கூரை ஒரு பக்கம் ஒழுகுது, கீழ அண்டா வெச்சிருக்கோம், நீ அதுக்கெல்லாம் கவலைப்படாத. ஓட்டு ரிசல்ட் வந்த அன்னிக்கு டெலிபோன் பூத்துல இருந்து போன் போட்டேனே, லைன் கரகரன்னு இருந்ததுல நான் கத்தினது உனக்குக் கேட்டுதோ இல்லையோ, நீ எப்படிப்பா எப்படிப்பான்னு கேட்டது மட்டும் என் காதுல வுழுந்துது. அப்பறம் லைன் செத்துப்போச்சு. அதான் எப்படின்னு ஆரம்பத்துல இருந்து எழுதுறேன், பொறுமையா படி.

நீ போன கடிதாசியில உங்க கிளாஸ்ல நடத்துற அமெரிக்கா எலெக்‌ஷன் வார்த்தைங்களை எனக்குப் புரியற மாதிரி எழுதியிருந்தியே, அதை அளத்துல சாப்பாட்டு நேரத்துல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். பதவியில இருக்கிறவரே மறுபடியும் நின்னா அவருக்குப் பேரு இன்கம்பன்ட்டுன்னு எழுதியிருந்த. நம்ம ஊருக்கு அது ஆதிமூலம்தான், பத்து வருஷமா பிரசிடென்ட், நாங்க உப்பு வார்ற அளமும் அவரு குத்தகைதான். இந்த தடவை நம்ம பஞ்சாயத்தை பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்கிட்டாங்களா, அவரு யோசிக்கவே இல்ல, சம்சாரம் ஆண்டாளை நிறுத்திட்டாரு. அந்தம்மா போட்டோ போஸ்டர்ல ஒரு ஓரத்துல ஸ்டாம்ப் சைஸு, இவரு கும்பிடு போடுறது பாதி போஸ்டர். அளத்துல வேலை செய்யற பொம்பளைங்க எல்லாம் ஒரு நாள் பள்ளிக்கூடத்துல கூடி நம்ம சார்புல ஒருத்தரை நிறுத்தணும்னு பேசினாங்க, ரெண்டு பேரு ஆசைப்பட்டாங்க, ஒருத்தி பொன்னம்மாள், இன்னொருத்தி யாருன்னு நினைக்கிற, உங்க அம்மா. எனக்கே அங்க போய்தான் தெரியும். கையத் தூக்கச் சொல்லி எண்ணினாங்க, உங்க அம்மாவுக்கு அதிகம், பொன்னம்மாளும் சரின்னு கூடவே வந்துட்டா. பிரைமரின்னு நீ எழுதினதை நான் பிரைமரி ஸ்கூலுன்னு நினைச்சு இதை எதுக்கு எலெக்‌ஷன்ல சேர்த்தாங்கன்னு முழிச்சேன், நிக்கிற ஆளைத் தங்களுக்குள்ள முதல்ல பொறுக்கறதாமே, நம்ம ஊருல அது நிஜமாவே பிரைமரி ஸ்கூல்லதான் நடந்துது போ.

பயம் இல்லாம இல்ல கண்ணு. ஆதிமூலத்தை எதிர்த்து நின்னு தோத்தா தை மாசம் அளத்துல யாரு வேலை குடுப்பா, நாங்க ரெண்டு பேரு மட்டும் இல்ல, கையத் தூக்கின அத்தனை குடும்பமும் நிக்கணும். நான் ரெண்டு நாள் சரியா சாப்புடல. உங்க அம்மா என்னைப் பாத்து, தண்ணிக்காகத்தான நிக்கிறோம், நகைநட்டுக்கா நிக்கிறோம், சோத்தைத் தின்னுட்டு நோட்டீஸ் ஒட்டற வேலையப் பாருங்கன்னு சொல்லிட்டா. அந்தத் தண்ணிக் கதை உனக்குத் தெரியும். சுனாமிக்கு அப்பறம் கட்டின டேங்க்ல இருந்து மீனவர் குப்பத்துக்கும் நம்ம தெருவுக்கும் பைப்பு போட்டாங்க, ஆனா மோட்டாரைப் போட்டா மேலத்தெரு நிரம்பற வரைக்கும்தான் ஓடும், நம்ம பக்கம் வந்தா காத்துதான் வரும். உப்புல நின்னுட்டு வந்த காலைக் கழுவக் கூட கைப்பம்புல உப்புத் தண்ணி.

சின்னம் உங்க அம்மாவுக்குப் பூட்டு சாவி, ஆண்டாளுக்கு ஏணி. ஆதிமூலம் வீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் குடம் குடுத்தாரு, பச்சைக் குடம், வயித்துல ஏணி படம் ஒட்டி. நம்ம வீட்டுக்கும் ஒண்ணு வந்துது, கொண்டாந்தவன் யாரு வீடுன்னு பாக்காமலே வெச்சுட்டுப் போயிட்டான். அப்பறம் நீ எழுதின இன்ட்ரஸ்ட் குரூப்பு. இன்ட்ரஸ்டுன்னா நமக்கு வட்டிதான, வட்டிக்கு விடற குழுவுன்னு நினைச்சேன், ஒரு காரியத்துக்காக ஒண்ணா சேர்ந்து நெருக்கடி குடுக்கறவங்கன்னு நீ விளக்கியிருந்த. இங்க பெரிய குழுவுன்னா மீனவர் குப்பத்துப் பெரியவங்க, அந்தப் பஞ்சாயத்தார்தான். எங்க ஆளுங்க ஓட்டு எங்களுக்கு, மேலத்தெரு ஓட்டு அவங்களுக்குன்னு எழுதி வெச்ச மாதிரி, ஊஞ்சலாட்டம் அங்கயும் இங்கயும் போற ஓட்டு குப்பத்துலதான். ஆதிமூலம் அங்க போயி மீன் ஏலம் விட ஒரு கொட்டகை கட்டித் தர்றேன்னு சொல்லிட்டாரு. பஞ்சாயத்தார் கூடிப் பேசி குப்பத்து ஓட்டு பூரா ஏணிக்குன்னு முடிவு பண்ணி மைக்குல சொல்லிட்டாங்க. நான் ஒட்டிக்கிட்டு இருந்த நோட்டீஸைக் கீழ வெச்சுட்டேன்.

மறுநாள் உங்க அம்மா குப்பத்துக்குத் தனியாப் போனா. நான் வரட்டான்னு கேட்டதுக்கு வேணாம், ஆம்பளைங்க வந்தா ஆம்பளைங்ககிட்டதான் பேசுவீங்கன்னு சொல்லிட்டா. மீன் கூடை தூக்குற அஞ்சம்மாள் வீட்டுல உக்காந்துட்டு வந்திருக்கா, வாக்குறுதி ஒண்ணும் குடுக்கல, தண்ணி எப்ப வருது, எத்தினி குடம் பிடிக்கிறீங்கன்னு கேட்டுட்டு வந்திருக்கா. அன்னிக்கு சாயங்காலம் ஆதிமூலம் ஜீப்பு குப்பத்துக்கு வந்திருக்குது. அஞ்சம்மாள் அந்தப் பச்சைக் குடத்தை இடுப்புல வெச்சுக்கிட்டு எதிர்ல நின்னு, ஏங்க, குடம் குடுத்தீங்களே, தண்ணி எங்கன்னு கேட்டிருக்கா. அவ்வளவுதான். கொட்டகையில மீன் கழுவ எந்தத் தண்ணின்னு இன்னொருத்தி கேட்டிருக்கா. ஜீப்பு திரும்பிப் போயிடுச்சு. அந்த ஒரு வார்த்தை மறுநாள் அளத்துல, டீக்கடையில, கூனிமேடு சந்தை வரைக்கும் போயிடுச்சு, குடம் குடுத்தாரு தண்ணி எங்கன்னு. ஒரே வரி ஊர் பூரா பரவறது சவுண்ட் பைட்டுன்னு நீ எழுதினது இதுதான்னு எனக்கு அப்பதான் புரிஞ்சுது.

அவங்களும் சும்மா இருப்பாங்களா. குழந்தைசாமி ஆட்டோவுல மைக்கு கட்டி தெருத்தெருவா சொல்லிக்கிட்டு வந்தான், மேரிசெல்வி மக அமெரிக்காவுல இருக்கா, ஜெயிச்சதும் இவங்க பிளைட் ஏறிடுவாங்க, உங்க பஞ்சாயத்து அம்போன்னு. எதிராளியைத் தூத்திப் பேசி விளம்பரம் பண்றதுக்கு நெகட்டிவ் ஆட்டுன்னு எழுதியிருந்தியே, அது. உன்னை வெச்சு ஒரு பேச்சு வந்துதேன்னு எனக்கு மனசு கஷ்டமாப் போச்சு. எங்க பக்கத்து ஆளுங்களே ரெண்டு பேரு வந்து அப்படியாக்கான்னு கேட்டாங்க. உங்க அம்மா நேரா ரோட்டுக்குப் போயி ஆட்டோவை நிறுத்தினா, குழந்தைசாமியும் நம்ம கண்ணு முன்னாடி வளர்ந்தவன்தான, மரியாதையா இறங்கி நின்னான், அவன் மைக்கையே வாங்கிக்கிட்டா.

"திண்டிவனத்துக்கு பஸ் ஏறினாலே வாந்தி எடுக்கிற பொம்பள நான். என்னை எந்த பிளைட்டுல ஏத்துவாங்க?"

தெருவே சிரிச்சுது, குழந்தைசாமியும் சிரிச்சுட்டான். அதுக்கு மேல அவன் அந்தப் பேச்சைப் பேசல, ஏணி ஏணின்னு மட்டும் சொல்லிட்டுப் போனான். ஒண்ணும் தப்பா நினைச்சுக்காத, நீ அங்க இருக்கிறது உங்க அம்மாவுக்கு எவ்வளவு பெருமைன்னு அன்னிக்கு அவ முகத்தைப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

பேப்பர்காரர் ஒருத்தரும் வந்தாரு, திண்டிவனத்துல இருந்து மோட்டார் சைக்கிள்ல. வந்தவரு யாரு முந்தறாங்க, எத்தினி ஓட்டு வித்தியாசம் வரும்னே கேட்டுக்கிட்டு இருந்தாரு, எதுக்கு நிக்கிறாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. குதிரை ரேஸு மாதிரி செய்தி போடறதுன்னு நீ எழுதினதுதான். அஞ்சம்மாளும் பொன்னம்மாளும் பேசி வெச்சுக்கிட்டு, வாங்க சார் குதிரையக் காட்டுறோம்னு அவரைக் குப்பத்துக் குழாயடிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அங்க பச்சைக் குடமா வரிசையா, ஒண்ணுலயும் சொட்டுத் தண்ணி இல்ல, எல்லா குடத்து வயித்துலயும் ஏணி. நம்ம தெருக் குடமும் அதுல இருந்துது. போட்டோ எடுத்துட்டுப் போனாரு, ரெண்டு நாள் கழிச்சு உள்பக்கத்துல கலர் இல்லாம வந்துது. கலர் இல்லாட்டியும் ஏணி நல்லாத் தெரியுது. ஒரு காப்பி இதுல வெச்சிருக்கேன், உங்க வாத்தியாருகிட்ட காட்டு.

ஓட்டு அன்னிக்கு காலையில இருந்தே மழை. யாரும் வர மாட்டாங்கன்னு நான் பயந்துட்டே இருந்தேன். எக்ஸிட் போல்னு நீ எழுதியிருந்ததை முயற்சி பண்ணலாம்னு ஓட்டு போட்டுட்டு வந்த ஒருத்தர்கிட்ட எந்தச் சின்னத்துக்குப் போட்டீங்கன்னு கேட்டுட்டேன், அங்க இருந்த போலீஸ்காரரு ஏம்பா உனக்கு வேற வேலை இல்லையான்னு கோட்டுக்கு அந்தாண்ட துரத்தி விட்டுட்டாரு. அங்க நின்னுதான் பாத்தேன், குப்பத்துல இருந்து பொம்பளைங்க கூட்டமா வர்றாங்க, தலைக்கு மேல படகுக்குப் போடற நீலத் தார்ப்பாயைப் பிடிச்சுக்கிட்டு. பஞ்சாயத்தார் பாத்துடக் கூடாதுன்னு அஞ்சம்மாள் என்னைத் தெரியாத மாதிரி தாண்டிப் போனா. அதுல இருந்தே எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு.

எண்ணிக்கை ஒன்றிய ஆபீஸ்ல. முதல் கட்டுல ஏணி முந்திச்சு, ரெண்டாவதுலயும் ஏணி. உங்க அம்மா கையில ஜெபமாலை, வாய் மட்டும் அசையுது. குப்பத்துப் பெட்டியைக் கடைசியா பிரிச்சாங்க. நாப்பத்தியொரு ஓட்டுல உங்க அம்மா ஜெயிச்சா கண்ணு. ஆதிமூலம் மறுபடி எண்ணணும்னு கேட்டாரு, எண்ணினாங்க, அதே நாப்பத்தியொண்ணு, விருட்டுனு வெளிய போயிட்டாரு. ஆண்டாள் போகல. கன்செஷன்னா பஸ் பாஸுக்குக் குடுக்கிறதுன்னுதான் எனக்குத் தெரியும், தோத்தவங்க எழுந்து நின்னு தோத்துட்டேன்னு ஒத்துக்கிட்டு பேசறதுக்கும் அதே பேருன்னு நீ எழுதினப்ப அப்படி யாராவது பேசுவாங்களான்னு எனக்கு சந்தேகம். ஆண்டாள் அத்தினி பேரு முன்னாடி எழுந்து வந்து உங்க அம்மா கையப் பிடிச்சுக்கிட்டா. இந்த ஒரு மாசமா அவங்க குரலை ஒருத்தரும் கேட்டதில்ல, எல்லாத்தையும் அவங்க வீட்டுக்காரர்தான் பேசினாரு.

"அக்கா, தை மாசம் உங்க ஆளுங்க எப்பவும் போல அளத்துக்கு வரட்டும். குத்தகைப் பத்திரம் என் பேருலதான் இருக்குது, நான் பாத்துக்கிறேன்."

உங்க அம்மா அழுதுட்டா. ஜெயிச்சதுக்கு அழல, இதுக்கு அழுதா. நானும்தான். அன்னிக்கு நம்ம தெருவுல தீபாவளிக்கு வாங்கி வெச்சிருந்த வெடியை எல்லாம் வெடிச்சுத் தீத்துட்டாங்க, நாம கிறிஸ்துமஸுக்கு வெடிக்கிறதுக்கு மறுபடி வாங்கணும்.

பதவி ஏத்துக்கிட்டு முதல் நாள் ஆபீஸுக்கு ரெண்டு பேரும் போனோம். கிளார்க்கு ஓடி வந்து பெரிய நாற்காலியத் துடைச்சு, வாங்க தலைவரே உக்காருங்கன்னு என்னைக் கூப்பிடுறாரு. பக்கத்து ஊருங்கள்ல எல்லாம் அப்படித்தானாம், சம்சாரம் கையெழுத்து, வீட்டுக்காரர் நாற்காலி. எனக்கும் ஒரு நொடி கால் முன்ன போச்சு. உங்க அம்மா குரல உயர்த்தல.

"அவரு வெளிய பெஞ்சுல உக்காரட்டும். ஓட்டு வாங்கினது நான்."

அந்த பெஞ்சுல உக்காந்துதான் இந்தக் கடிதாசி எழுதுறேன். உள்ள டேங்க் மோட்டார் போடறவரைக் கூப்பிட்டு வெச்சுப் பேசிக்கிட்டு இருக்கா, ஒரு நாள் குப்பத்துக்கு முதல்ல, ஒரு நாள் நம்ம தெருவுக்கு, ஒரு நாள் மேலத்தெருவுக்குன்னு முறை வெச்சுட்டா. மேலத்தெருவையும் விட்டுடலையே, அது எனக்கு ரொம்ப சந்தோஷம். இன்னிக்குக் குப்பத்து முறை, தண்ணி வந்துடுச்சுன்னு அஞ்சம்மாள் ஆள் விட்டு சொல்லி அனுப்பிட்டா. நம்ம கூரைக்குக் கீத்து வேணும்னு நானும் மனு குடுக்கலாமான்னு கேட்டேன், சொந்த வீட்டுக் கூரைக்கு மனுவான்னு மொறைச்சா.

நீ வேளா வேளைக்கு சாப்புடு, ரொட்டியையே தின்னுக்கிட்டு இருக்காத. கிளாஸுக்காக வீடு வீடாப் போயி கேள்வி கேக்கணும்னு எழுதியிருந்த, அங்க வீட்டுக்கு வீடு நாய் இருக்குமாமே, பாத்து கதவைத் தட்டு, தனியாப் போகாத, காதை மூடிக் குல்லா போட்டுக்க. ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போறதை விடாத. மாதா உன்னைக் கண்ணுக்குள்ள வெச்சுக் காப்பாத்துவா, எங்க ஆசீர்வாதம் எப்பவும் உன் தலைமேல இருக்குது. ஒண்ணு மட்டும் மறக்காத. உங்க ஊரு எலெக்‌ஷன் நவம்பர் ஏழுன்னு சொன்னியே, அது முடிஞ்சதும் எனக்கு எழுது. ஜெயிச்சவங்க பேசறது எல்லா ஊருலயும் ஒண்ணுதான், அது வேணாம். தோத்தவங்க எழுந்து நின்னு என்ன பேசினாங்கன்னு எழுது, நான் அதை எடுத்துட்டுப் போயி ஆண்டாள் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டணும்.

ஆயிரம் முத்தங்களோட உன் அப்பா,
சகாயராஜ்
(பிரசிடென்ட் அம்மா வூட்டுக்காரர்)