வாப்பா நிற்கும் இடம்தான் வடக்கு

என் அருமை மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், உன் வாப்பாவின் கண் உட்பட. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, நல்லபடியாக இருக்க துஆ செய்கிறேன். போனில் நீ அழுத அழுகையில் நீ சொன்னது எனக்குப் பாதிதான் புரிந்தது, நான் சொன்ன பதில் உனக்குக் கால்வாசி கூடக் காதில் விழுந்திருக்காது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்தென்றால் நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டே கூடப் படிக்கலாம்.

எனக்குப் புரிந்தது இதுதான். அங்கே போய் இறங்கிய அன்றே சூரியன் எந்தப் பக்கம் மறைகிறது என்று ஜன்னலில் பார்த்து, அந்தப் பக்கமாகப் பாயை விரித்துவிட்டாய். ஒருவரையும் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும், பிறந்ததிலிருந்து 'மேக்க பாத்து நில்லு' என்று கேட்டுத்தானே வளர்ந்தாய், நம் வீட்டில் தொழும்போது பார்க்கிற கிப்லா என்றாலே மேற்குதான். நாடு மாறினால் மக்காவில் இருக்கிற கஅபா வேறு பக்கம் வந்துவிடும் என்பது என் புத்திக்கும் எட்டியிருக்காது. நீ வேலை பார்க்கிற பொய்ப்பல் பட்டறையின் பக்கத்து மேஜைக்காரப் பெண் உன் அறைக்கு வந்து, சாயங்காலம் அஸர் தொழ ஆளுக்கொரு பாயை விரித்தபோது அவள் கதவைப் பார்க்க, நீ ஜன்னலைப் பார்க்க, இரண்டு பேரும் சண்டைக்காரிகள் மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றீர்களாம். கோபித்துக்கொள்ளாதே, அதைக் கேட்டு உன் அண்ணி சிரித்தாள், நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு நீ சொன்னது சிரிக்கிற விஷயம் இல்லை. வாப்பாவின் கண் ஆபரேஷனுக்காக அழுது கேட்ட துஆவெல்லாம் கஅபாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டதாகிவிட்டதே, அது எங்கே போய்ச் சேர்ந்திருக்கும், இனிமேல் பாயை விரிக்கவே கை வரமாட்டேன் என்கிறது என்றாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் கண்ணைப் பற்றிச் சொல்கிறேன். கட்டுப் பிரித்தாயிற்று. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிய மனுஷத் தோரணையில் உலாத்துகிறார். பார்வை நன்றாகத் தெரிகிறது. எவ்வளவு நன்றாக என்றால் உத்தரத்து மூலையில் இருக்கிற ஒட்டடையை எல்லாம் எனக்கு விரல் நீட்டிக் காட்டுகிறார். ஆபரேஷனுக்கு முன்னால் இந்த வீடு எவ்வளவோ சுத்தமாக இருந்தது. ஆக, நீ கேட்டது போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது மகளே, கேட்கிறவனுக்கு முன்பக்கம் பின்பக்கம் ஏது. அப்படியும் உனக்கு மனசு ஆறாது என்று வாப்பாவைப் பள்ளிவாசலுக்கு அனுப்பி ஹஜ்ரத்திடம் கேட்கச் சொன்னேன். அவர், 'புள்ள தெரியாம செஞ்சது, அல்லா மன்னிக்கிறவன். மனசு கேக்கலேன்னா முடிஞ்சப்ப அதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா திரும்ப களா தொழட்டும். ஆனா அடுத்த வக்து தொழுகைக்கு எந்திரிக்காம உக்காந்து அழுதுட்டிருக்கா பாருங்க, அதை மொதல்ல நிறுத்தச் சொல்லுங்க' என்றாராம். அங்கே யாரிடமாவது விசாரித்திருக்கலாமே என்றும் சொன்னாராம். அதற்கு உன் வாப்பா என்ன பதில் சொல்லியிருப்பார், வழி கேட்பது உங்கள் பரம்பரையிலேயே கிடையாது. கல்யாணத்தன்று வழி கேட்கக் கூச்சப்பட்டு அடுத்த தெருவில் வேறு யாருடைய கல்யாணத்திலோ போய் உட்கார்ந்த மாப்பிள்ளை அவர். நீ அவர் பெற்ற பெண்.

உன் அழுகையைக் கேட்டதில் அவருக்கு வேறு ஒரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. நீ போன பிறகு இந்தப் புது வீட்டுக்கு மாறினோம் அல்லவா, இங்கே மட்டும் திசை சரியா என்று. அண்ணன் எப்போதோ வாங்கித் தந்த சின்னத் திசைகாட்டியைத் தேடி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றார். பார்த்துவிட்டு, 'போச்சு, நாமளும் தப்பாத்தான் தொழுதுட்டிருக்கோம், கிப்லா அடுப்படிப் பக்கம்ல இருக்கு' என்றார். டாக்டர் குனியக் கூடாது என்று சொல்லியிருப்பதால் இப்போது நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறார், அந்த நாற்காலியை இழுத்து அடுப்படியைப் பார்த்துப் போட்டார், என் பாயும் திரும்பியது. எதிரே பார்த்தால் குளிர்சாதனப் பெட்டி. எனக்கென்னவோ சரியாகப் படவில்லை, இன்னொரு தடவை பாருங்கள் என்றேன். அடுப்படியைப் பார்த்து நின்று மறுபடி பார்த்தால் கிப்லா வாசல் பக்கம் போய்விட்டது. மொட்டை மாடிக்குப் போனால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம். நாற்காலி அவர் பின்னாலேயே வீடெல்லாம் சுற்றியது. உன் அண்ணி கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, 'மாமா, நீங்க எப்படித் திரும்புனாலும் வடக்கு முள்ளு உங்க நெஞ்சத்தான் பாக்குது' என்றாள். இந்த வீட்டில் அவர் நிற்கிற இடம்தான் வடக்கு, கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான் என்று நான் சொன்னேன். அண்ணிதான் சட்டைப் பையில் என்ன என்று கேட்டாள். என்ன இருக்கும், ஸ்பீக்கர் ரிப்பேர் பார்க்கிற மனுஷன், கீழே விழுந்த திருகாணிகளைப் பொறுக்க எப்போதும் பையில் ஒரு காந்தத்தைப் போட்டுக்கொண்டு அலைவாரே, அதேதான். அதை எடுத்து வெளியே வைத்ததும் முள் நல்ல பிள்ளையாகத் திரும்பி நின்றது. கிப்லா பழைய சுவருக்கே வந்தது, நாற்காலியும் வந்தது.

அதற்கு நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம், அவர் மட்டும் சிரிக்கவில்லை. 'நாந்தானே அவளுக்கு மேக்குன்னு சொல்லிக் குடுத்தேன், கஅபான்னு சொல்லிக் குடுத்திருக்கணும்' என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு உன் அண்ணன் மகளின் பஞ்சுப் பந்தை எடுத்தார். உலகப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கஅபா இருக்கிற இடத்தில் ஒரு பித்தளைத் திருகாணி, நம் வீட்டுக்கு ஒரு இரும்பு, உனக்கு ஒரு இரும்பு என்று பந்தில் குத்தினார். குழந்தை அழுகிற அழுகை அவர் காதில் விழவே இல்லை. மெல்ல உருட்டிப் பார்த்தார். பித்தளை நடுவில் இருந்தது, அதற்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் நீ. 'நாம இப்படிப் பாத்து நிக்கிறோம், அவ சரியா நின்னா இப்படிப் பாத்து நிப்பா, அப்ப' என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, டாக்டர் தொடவே கூடாது என்று சொன்ன கண்ணைத் துடைத்தார். நான் திட்டினேன், திட்டிவிட்டு அடுப்படிக்குப் போய் நானும் அழுதேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். விமான நிலையத்தில் உள்ளே போகும்போது நீ ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் உடைந்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் மனசு சமாதானமாகவில்லை. அன்றிலிருந்து உன்னை நினைத்தாலே அந்த நீலப் பையும் உன் முதுகும்தான் கண் முன்னால் வரும். அந்தப் பந்தைப் பார்த்ததிலிருந்து அப்படி வருவதில்லை.

வேறு விசேஷம் இல்லை. பல்லை ராவுகிற தூசி மூக்கில் ஏறாமல் துணி கட்டிக்கொள். அந்தப் பக்கத்து மேஜைப் பெண்ணுக்கு என் சலாமைச் சொல், அவளை ஒரு நாள் கூப்பிட்டுச் சாப்பாடு போடு, எது தெரியாவிட்டாலும் அவளிடம் வாய் திறந்து கேள், வாப்பா மாதிரி வேறு கல்யாணத்தில் போய் உட்காராதே. உன் ஆயுளும் உன் கை வேலையும் பரக்கத்தாக இருக்கட்டும், அல்லாஹ் உன்னைத் தன் காவலில் வைத்திருக்கட்டும். இதைப் படித்து முடித்ததும் முகத்தைக் கழுவி ஒளு செய்துகொண்டு, ஜன்னல் பக்கம் கிடக்கிற பாயை எடுத்துக் கதவைப் பார்த்து விரி. திரும்பி நில் மகளே. நடுவில் கஅபா, எதிரே நாங்கள்.

உன் வருகைக்கு துஆ செய்யும்,
உன் உம்மா