சுண்ணாம்புக்கு அடியில்

பிப்ரவரி 4

வருஷத்தை எண்ணில் சொன்னால் எனக்கு மனசில் நிற்காது. மூலைத் தியேட்டர் எரிந்தது, ரயில்காரர்கள் வேலைநிறுத்தத்தில் ஊரே கால்நடையாக நடந்தது, என் மகன் பிறந்தான். அந்த வருஷம்தான் மேல்மாடி ஓவியக்காரி எங்கள் மாடிப்படிச் சுவரில் தெருக்காரர்களை எல்லாம் வரைந்தாள்.

நான் சொல்கிறேன், மருமகள் எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது. சொன்னதை அப்படியே எழுத வேண்டும் என்று கண்டிப்பு. "திட்டினாலும் எழுதணுமா மாமா?" என்றாள். அதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

வரைந்து முடிக்கும்வரை முன்னால் துணி கட்டி மறைத்திருந்தாள். முடிக்கும் நேரம் பார்த்து என் அப்பா போய்ச் சேர்ந்தார். ஊருக்குப் போய்க் காரியம் முடித்துத் திரும்பினால் சுவர் வெள்ளையாக இருந்தது. வீட்டுக்காரன் சுண்ணாம்பு அடித்துவிட்டான். அந்தப் படத்தை நான் பார்க்கவே இல்லை. இப்போது நகராட்சி ஆட்கள் அந்தச் சுண்ணாம்பைச் சுரண்டுகிறார்கள்.

என்னை உட்கார வைத்து வரைந்தாள். அது மட்டும் நிச்சயம்.

பிப்ரவரி 9

அன்றைக்கு எங்கள் தெருவுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். பகலில் தூங்குகிற நாடகக்காரன், கதவைத் திறந்துபோட்டுப் பாடுகிறவன், கல்யாணம் கட்டாமல் சேர்ந்து இருக்கிறவர்கள் - உருப்படாத தெரு என்பார்கள். இன்றைக்கு 'பாரம்பரியத் தெரு'வாம். இடிக்கக் கூடாதாம். டிக்கெட் போட்டுக் காட்டப் போகிறார்களாம்.

சொல்ல வந்தது அது இல்லை. எதிர்ச் சாரி சலூன்காரன் படியடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு வருகிற போகிற கேமராவுக்கெல்லாம் கதை சொல்கிறான். "இந்தத் தெருவோட தலையெழுத்தே என் கத்தரியிலதான் இருந்துச்சு" என்கிறான். தலைமயிர்தான் இருந்தது.

அந்தத் தெருவில் சாவியைத் தொலைக்காத ஆள் உண்டா? ஒவ்வொரு கதவையும் திறந்துவிட்டவன் நான். படிக்கட்டுக்குக் கீழேதான் என் பூட்டுக்கடை. என்னை யார் கேட்டார்கள்?

பிப்ரவரி 17

கீழிருந்து மேலாகச் சுரண்டுகிறாள் நகராட்சி அனுப்பிய அந்தப் பொண்ணு. சின்னக் கத்தி, பஞ்சு, ஏதோ மருந்து. ஒரு நாளைக்கு ஒரு சாண் போனால் பெரிசு. கால்கள் வந்துவிட்டன. செருப்பை வைத்தே நாடகக்காரனைச் சொல்லிவிட்டேன்.

ஓவியக்காரி யாரையும் முழுசாக உட்கார வைக்க மாட்டாள். எவன் முழு நாள் சும்மா உட்காருவான்? கிடைத்த ஆளிடம் கிடைத்ததை எடுத்துக்கொள்வாள். இதற்கு முன் ஒரு படத்தில் வயலின்காரன் தொந்தியைக் கவிஞருக்கு மாட்டிவிட்டாள், இரண்டு பேரும் மாசக்கணக்கில் பேசாமல் இருந்தார்கள். "என் வயித்தை நான் சம்பாதிச்சேன், அவன் ஏன் சுமக்கணும்?" என்று வயலின்காரன் கத்தியது இப்போதும் காதில் இருக்கிறது.

பிப்ரவரி 26

இன்று டிவியில் சலூன்காரன். வயிறு எரிகிறது. மருமகள் மோர் கொடுத்தாள். மோருக்கு அடங்குகிற எரிச்சலா இது?

மார்ச் 5

வந்துவிட்டது! ஆரஞ்சுப் பழம்!

ஓவியக்காரி என் கையில் ஒரு ஆரஞ்சைக் கொடுத்து, "பூட்டு, அசையாதே" என்பாள். பழம் வாடிப்போனால் வேறு பழம் வரும், கை மட்டும் நான்தான். இன்றைக்குச் சுவரில் அந்தப் பழம், அதைப் பிடித்த இரண்டு கை. இடது சுண்டுவிரல் கோணல். ஷட்டரில் மாட்டி ஒடிந்த என் விரல். நடுச்சுவரில், எல்லோருக்கும் முன்னால்!

சுரண்டுகிற பொண்ணிடம் விரலை நீட்டிக் காட்டினேன். "தாத்தா, நீங்கதானா நடுவுல!" என்றாள். சலூன்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். திருப்பட்டும்.

மார்ச் 6

வெளியூரில் இருக்கிற மகனை வரச் சொல்லிப் போன் செய்தாயிற்று. புதுச் சட்டை. "மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க மாமா" என்கிறாள் மருமகள். இதையும் எழுது.

மார்ச் 14

மகன் வந்திருந்தான். தெருவே நின்றது. கழுத்து வந்தது, தாடை வந்தது. தாடையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மூக்கு வந்தது.

சலூன்காரன்.

என் கைக்கு மேலே அவன் மூஞ்சி.

எவனோ கைதட்டினான். மகன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். தொந்தி போன கதையை ஊருக்கெல்லாம் சொன்ன எனக்கு, கை போகும் என்று புத்தியில் ஏறவில்லையே! எத்தனை வருஷம் - நான் அங்கே இருக்கிறேன், சுண்ணாம்புக்கு அடியில் நான் இருக்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு…

போதும். மூடு.

மார்ச் 15

மாமா இன்று எதுவும் சொல்லவில்லை. சாப்பிடவும் இல்லை.
(இது நான், மருமகள்.)

மார்ச் 21

சலூனுக்குப் போனேன். சண்டைக்குத்தான் போனேன்.

"வாடா பூட்டு. ஒரு வாரமா எதிர்பார்க்கிறேன்" என்றான்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாடா?"

"சுண்ணாம்பு அடிக்கிறதுக்கு முன்னாடி துணியத் தூக்கி நான் மட்டும் பாத்தேன்ல."

"பின்னே ஏன்டா ஒரு வார்த்தை சொல்லல?"

கண்ணாடியைத் துடைத்தான். அது சுத்தமாகத்தான் இருந்தது. "என் மூஞ்சிய ஒரே காலையில முடிச்சிட்டு, போன்னுட்டாடா. உன் கைக்கு மட்டும் மழைக்காலம் முழுக்க உட்கார வெச்சா. இந்தக் கண்ணாடில உங்க படி தெரியும், பாரு. இங்க ஒருத்தனுக்குச் சோப்பு தடவிட்டு அதையே பாத்துக்கிட்டு நிப்பேன். சோப்பு காஞ்சு போயிடும். உன்கிட்ட வந்து நான் சொல்லணுமாக்கும்? போடா!"

நான் இத்தனை நாள் அவனைப் பார்த்து வெந்தேன். அவன் எனக்கு முன்னாலேயே ஆரம்பித்திருக்கிறான்.

"அவ்வளவு நேரம் என்னடா பேசினா?" என்று கேட்டான்.

"ஒண்ணும் பேசல. அசையாதேன்னா."

நம்பவில்லை. நம்ப வேண்டாம் என்று எனக்கும் ஒரு ஆசை. டீ வாங்கிக் கொடுத்தான். ஆறிப்போன டீ. குடித்தேன்.

ஏப்ரல் 3

படத்துக்குப் பக்கத்தில் பலகை வைக்கிறார்களாம். யார் யார், யார் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று எழுத வேண்டுமாம். சுரண்டுகிற பொண்ணு எங்கள் இருவருக்கும் படத்துக்கு எதிரே நாற்காலி போட்டாள்.

நான் வரிசையாகச் சொன்னேன். நாடகக்காரன் போய்விட்டான். கவிஞர் போனார், அந்தத் தொந்தியோடு. வயலின்காரனும். ஓரத்தில் தூரிகையோடு நிற்கிற ஓவியக்காரி எங்கள் எல்லோருக்கும் முன்பே போனாள். அதைச் சொல்லும்போது சலூன்காரன் குனிந்துகொண்டான். நானும்தான்.

"நடுவுல ஆரஞ்சோட நிக்கிறவரு?" என்றாள்.

"முகம் நான். கை இவன்" என்றான் சலூன்காரன், என்னை முந்திக்கொண்டு. அதிலும் முந்தல்!

"அப்போ இவரு இருக்காரா, தாத்தா?"

"இருக்கான்மா" என்றேன். "மிச்சம் இருக்கிறது இவன் ஒருத்தன்தான். இதோ, ரெண்டு நாற்காலில உக்காந்திருக்கான்."