கொம்பனி போட்டபடி

சேசு மரி சூசை

பலர்மோ
24.11.1995

அன்புள்ள கிறிகோரி மச்சான் அறிய வலன்ரைன் எழுதுவது.

நானும் உங்கள் தங்கை ஸ்ரெல்லாவும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். நீங்களும் அங்கே அப்படியே இருக்க மாதாவை மன்றாடுகிறோம். ஐந்து வருடத்துக்குப் பிறகு என் கையெழுத்தைக் கண்டதும் கிழித்துப் போடாமல் முழுவதும் வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஸ்ரெல்லாவிடம் கெஞ்சித்தான் உங்கள் முகவரியை வாங்கினேன்.

விஷயம் இதுதான். மொண்டெல்லோவில் ஒரு பணக்காரரின் வீட்டில் வேலை செய்கிறேன். முதலாளியை இங்கே பத்றோனே என்போம். தோட்டம், இரண்டு நாய், கார் கழுவுதல், கோடையில் அவருடைய படகு. என் கையில் கடதாசி ஒன்றும் இல்லை. இப்போது ஒரு சட்டம் வந்திருக்கிறது. மார்ச் முடிவதற்குள் முதலாளி கையெழுத்து வைத்தால் பெர்மெஸ்ஸோ, அதாவது தங்கும் அனுமதி, கிடைக்கும். விட்டால் இனி எப்போதோ. தோட்ட வேலைக்குக் கையெழுத்து வைக்க பத்றோனேக்கு மனமில்லை. ஆனால் அவருக்கு மதோனியே மலையில், பியானோ பத்தாலியாவில், சறுக்க வருகிறவர்கள் தங்கும் விடுதி ஒன்று உண்டு. பனி விழுந்தால் பாதை மூடிவிடும். சாமானும் ஆட்களும் ஏற்ற ஒரு பனிவண்டி வாங்கப் போகிறார். போன கோடையில் நான் அவருடைய படகு எஞ்சினைத் திருத்திக் கொடுத்தவன். அந்த நம்பிக்கையில், "நல்ல வண்டியாய்ப் பார்த்துச் சொல்லு. அதை ஓட வைச்சுக் காட்டு. விடுதி மெக்கானிக் எண்டு கையெழுத்து வைக்கிறன்" என்றார். நானும் ஓம் என்று தலையாட்டிவிட்டேன். பனிவண்டியைப் படத்தில்தான் கண்டிருக்கிறேன், மச்சான்.

மிலானில் இருந்து இரண்டு விளக்கப் புத்தகங்கள் வந்தன. இரண்டும் மலை மொடல். ஒன்று சாதாரண ஸ்ரான்டேட், மற்றது விலை கூடிய பிறீமியம். நீங்கள் அங்கே பனிவண்டிக் கடையில் மெக்கானிக் என்று ஸ்ரெல்லா சொன்னாள். எதை வாங்குவது, வாங்கியபின் எதை மாற்றுவது என்று எழுதினால் எங்கள் இருவருக்கும் பெரிய உதவி.

உங்கள் அன்பு மச்சான்
வலன்ரைன்


றெவெல்ஸ்ரோக், கனடா
12.12.1995

வலன்ரைனுக்கு,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். பேசாலையில் ஒரே பட்டறையில் எட்டு வருடம் படகு எஞ்சின் திருத்தியபோது 'டேய்' என்று கூப்பிட்டவன் நீ. தேவை வந்ததும் மரியாதையும் வருகிறது. பழையபடி எழுது, வாசிக்கக் கூச்சமாக இருக்கிறது.

ஸ்ரெல்லாவின் பெயர் இருந்ததால் கிழிக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

ஸ்ரான்டேட்டில் இரண்டு சிலிண்டர். காற்றாடியால் குளிரும். அடியில் சுழலும் ரப்பர் பட்டி குட்டை, அதன் பல்லும் குட்டை. ஆழமான பனியில் தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டு இருந்துவிடும். ஆனால் பாரம் குறைவு, அடிபட்டாலும் ஓடும். நீளமான பட்டி போட்டு, கிளச்சின் பாரத்தையும் வில்லையும் மாற்றி, கைபிடியை நாலு விரற்கடை உயர்த்தினால் உங்கள் மலைக்கு அது தாராளம். பிறீமியத்தில் மூன்று சிலிண்டர், தண்ணீரால் குளிரும். நீண்ட பட்டி, உயரமான பல், நல்ல ஷொக் அப்சோபர், பின்னுக்கு ஓட கியர், கைக்குச் சூடு தரும் பிடி. மற்றதில் நீ கையால் மாற்ற வேண்டியதையெல்லாம் இதில் கொம்பனியே செய்து அனுப்புகிறான். ஆனால் பாரம் கூட. புதைந்தால் இரண்டு பேர் இழுத்தும் வராது. இரண்டிலும் பிஸ்ரன் இறுகாமல் காக்கும் எண்ணெய் தானாகவே பெற்றோலோடு கலக்கும்.

வேறு யார் கேட்டாலும் ஸ்ரான்டேட்டை வாங்கி மாற்றச் சொல்வேன். நீ பிறீமியத்தை வாங்கு. உன் கைதான் காரணம். ஒரு எஞ்சினைக் கொம்பனி போட்டபடி விட்டுவைக்க உன்னால் முடியாது. எல்லாம் மாற்றி வந்ததையே வாங்கினால் நீ தொட ஒன்றும் மிஞ்சாது.

ஆனால் பிறீமியத்தில் உன்னைப் போன்றவன் கட்டாயம் செய்யும் பிழை ஒன்று இருக்கிறது. செய்தால் கால் மணித்தியாலத்தில் எஞ்சின் போய்விடும். பத்றோனேயின் கையெழுத்தும் அதோடு போய்விடும். அது என்ன என்று இப்போது எழுத மாட்டேன். முதலில் என் கேள்விக்குப் பதில் எழுது. 1990 ஆவணியில் நானும் எமிலியானாவும் இராமேஸ்வரத்துக்கு அகதியாக வெளிக்கிட்ட அன்று நீ என் படகில் பூட்டித் தந்த எஞ்சின், ஸ்ரான்டேட்டா, நீ தொட்டதா?

கிறிகோரி


பலர்மோ
30.12.1995

கிறிகோரிக்கு,

சரி, நீ என்றே எழுதுகிறேன். நத்தாருக்கு ஒரு வாழ்த்துக்கூட இல்லை. உதவி கேட்டால் விசாரணை வைக்கிறாய். பெர்மெஸ்ஸோ கொடுக்கும் குவெஸ்தூராவில் பொலிஸ்காரன்கூட இருக்கச் சொல்லிவிட்டுத்தான் கேள்வி கேட்கிறான்.

எமிலியானா உனக்கு மனைவி என்றால் எனக்குக் கூடப்பிறந்தவள் போல. எஞ்சின் நின்று, இரண்டு நாள் கடலில் மிதந்து, வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு அவள் செத்துப்போனது எனக்கு மட்டும் இனிக்கிறதா? அதை ஏன் இப்போது கிளறுகிறாய்? நேரில் காணும்போது கதைப்போம்.

பத்றோனே பிறீமியத்துக்கே ஓடர் கொடுத்துவிட்டார். மாசிக் கடைசியில் வரும். அந்தப் பிழை என்ன என்று ஒழுங்காக எழுது. இந்த எஞ்சின்களைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க நீ யார்? காபரேற்றரைக் கழற்றவே உனக்கு நான்தான் காட்டித் தந்தேன். கனடாக் குளிரில் அதுவும் மறந்துவிட்டதோ?

வலன்ரைன்


றெவெல்ஸ்ரோக்
15.1.1996

வலன்ரைனுக்கு,

மறக்கவில்லை. நீ காட்டித் தந்த வேலையில்தான் இன்றைக்கும் சாப்பிடுகிறேன். அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். நேரில் நான் உன்னைக் காணப் போவதில்லை.

அன்று பெற்றோல் கிடைக்கவில்லை. மண்ணெண்ணெய்தான் கிடைத்தது. சனம் நெருக்கியடிக்க, அவசரத்தில், அதில் எண்ணெய் கலந்தவன் நான். இந்தக் கையால். நடுக்கடலில் பிஸ்ரன் இறுகி நின்றது. எண்ணெய் குறைந்தாலும் அப்படி இறுகும். வேகத்துக்காக ஹெட்டை, அதுதான் சிலிண்டர் மூடியை, தேய்த்து அமுக்கத்தைக் கூட்டிய எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் விட்டாலும் இறுகும். திறந்து பார்க்க எனக்கு வழியில்லை. அக்கரையில் படகோடு எஞ்சினையும் பறித்துக்கொண்டார்கள். ஆகவே உலகத்தில் உன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

எங்கள் கடைக்குப் பழைய வண்டிகள் வரும். அவற்றுக்கு எண்ணெயைக் கையால்தான் கலக்க வேண்டும். நான் கலப்பதில்லை. பக்கத்தில் நிற்பவனிடம் எண்ணெய்க் கானைக் கொடுத்துவிடுவேன். ஏன் என்று கேட்டால் மணம் ஒத்துவராது என்பேன்.

கதை வேண்டாம். தொட்டாயா, தொடவில்லையா? ஒரு சொல் எழுது.

கிறிகோரி


பலர்மோ
2.2.1996

கிறிகோரிக்கு,

மடு மாதா மேல் ஆணை. அந்த எஞ்சின் கொம்பனி போட்டபடியே இருந்தது. ஹெட்டில் நான் கை வைக்கவில்லை. போதுமா?

வண்டி வருவதற்கு இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது. பத்றோனே ஒவ்வொரு நாளும் "எல்லாம் தெரியும்தானே?" என்று கேட்கிறார். ஸ்ரெல்லா நித்திரை கொள்வதில்லை. உடனே எழுது.

வலன்ரைன்


றெவெல்ஸ்ரோக்
14.2.1996

வலன்ரைனுக்கு,

ஆணையிட்டு எழுதியிருக்கிறாய். நம்புகிறேன். அப்படியென்றால் அது என் கைதான். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது அவ்வளவே. உன்னைப் பற்றி அப்படி நினைத்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன், ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன்.

வண்டியைப் பலர்மோவில் ஸ்ராட் பண்ணாதே. உன் பழக்கம் எனக்குத் தெரியும். பீப்பாய்த் தண்ணீரில் இறக்கி, கால் மணித்தியாலம் முழு வேகத்தில் அலற விட்டுப் பார்க்காமல் நீ ஒரு எஞ்சினையும் பட்டறையை விட்டு அனுப்பியதில்லை. பேசாலை முழுக்க உன்னை ஏசும். படகு எஞ்சின் கடல் தண்ணீரை உறிஞ்சிக் குளிரும். இதற்குப் பனிதான் கடல். பட்டி சுழன்று வாரியடிக்கிற பனிதான் உள்ளே ஓடும் தண்ணீரை ஆற்றுகிறது. பனியில்லாத இடத்தில் அது கொதித்துவிடும்.

இன்னொன்று. மலை மொடல் என்றபடியால் காபரேற்றரில் பெற்றோல் வரும் துளையை, ஜெற்றை, சின்னதாகப் போட்டிருக்கிறான். மலையில் காற்று மெலிவு, பெற்றோலும் குறையத்தான் வேண்டும். கடற்கரைக் காற்றில் அதே ஜெற்றோடு முழு வேகம் கொடுத்தால் பெற்றோல் போதாமல் பிஸ்ரன் உருகும். மலைக்குக் கொண்டுபோய், பனியில் இறக்கி வைத்து, சூடாக விட்டு, அதன் பிறகு ஓட்டு. வேறொன்றையும் தொடாதே.

ஸ்ரெல்லாவைச் சுகம் கேட்டதாகச் சொல்லு.

கிறிகோரி


சேசு மரி சூசை

பலர்மோ
24.3.1996

கிறிகோரி மச்சான்,

உன் கடிதம் மாசி 26 வந்தது. வண்டி அதற்கு முதல் நாள் வந்துவிட்டது. நான் அதை மொண்டெல்லோக் கராஜில் நாலு மரக்கட்டையில் தூக்கி வைத்து, பெற்றோல் விட்டு, சாவியில் கை வைத்துக்கொண்டு நின்றேன். முழு வேகம் கொடுத்துப் பார்க்கத்தான். எங்கள் கடிதங்கள் கோவில் முகவரிக்குத்தான் வரும். ஸ்ரெல்லா அங்கிருந்து பஸ்ஸில் ஏறி ஓடிவந்தாள். "அண்ணை எழுதியிருக்கிறார், முதல்லை இதை வாசியுங்கோ, பிறகு ஸ்ராட் பண்ணலாம்" என்றாள். நின்றபடியே வாசித்தேன். சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன்.

லொறியில் மலைக்குக் கொண்டுபோனோம். நீ சொன்னபடியே செய்தேன். பின்னால் சறுக்குப் பெட்டியைக் கட்டி, சமையல்காரரையும் மூன்று காஸ் சிலிண்டரையும் ஏற்றிக்கொண்டு விடுதி வாசல் வரை ஒரே மூச்சில் போனது. பத்றோனே என்னைக் கட்டிப்பிடித்தார். கையெழுத்து வைத்தார். போன வியாழன் குவெஸ்தூராவில் பெர்மெஸ்ஸோவைக் கையில் தந்தார்கள்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். நான் ஹெட்டைத் தேய்த்தேன்.

நேவி துரத்தினால் தப்ப வேகம் வேண்டும் என்றுதான் தேய்த்தேன். "இந்த எஞ்சினிலை மட்டும் உன்ரை விளையாட்டைக் காட்டாதை" என்று நீ சொல்லியிருந்தாய். அதனால் மறைத்தேன். கரையில் நீ கானைத் திறந்தபோது மண்ணெண்ணெய் மணந்தது. அது தேய்த்த எஞ்சினுக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். வாய் திறந்தால் அத்தனை சனத்துக்கு முன்னால் நீ ஏசுவாய். மெதுவாகப் போனால் தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எமிலியானா கையசைத்தாள். நானும் அசைத்தேன். உன் எண்ணெய்க் கலவையில் பிழையில்லை, மச்சான். பக்கத்தில் நின்று பார்த்தேன். அளவு சரி.

நான் பொய்ச் சத்தியம் பண்ணினேன். நீ அதை நம்பி உண்மையை எழுதினாய். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் இன்றைக்கு நான் தெருவில். அதை மடித்து வைத்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. தவக்காலமென்று இத்தாலியப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். என் இத்தாலியனில் பாதி அவருக்கு விளங்கியிருக்காது. ஆனாலும் "யாருக்குச் செய்தாயோ அவரிடம் சொல்லு" என்றார். ஸ்ரெல்லாவிடமும் நேற்றுச் சொன்னேன். சோற்றை மேசையில் வைத்துவிட்டுப் போகிறாள்.

எப்படி ஏசினாலும் ஏசு. பதில் மட்டும் எழுது.

வலன்ரைன்


றெவெல்ஸ்ரோக்
9.4.1996

வலன்ரைனுக்கு,

பெர்மெஸ்ஸோ கையில் வந்தபிறகுதான் உனக்கு உண்மை வந்தது. மாசியில் இதை எழுதியிருந்தால் அந்த எச்சரிக்கையை நான் எழுதியிருப்பேனோ தெரியாது. உனக்கும் அந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது, அதனால்தான் பொறுத்திருந்து எழுதினாய்.

உன்னை மன்னிக்க மாட்டேன். மாதாவும் பாதிரியாரும் மன்னிக்கட்டும், அது அவர்களுடைய வேலை. ஹெட்டைத் தேய்த்ததைக்கூட விட்டுவிடுவேன். மணந்தபிறகும் கரையில் நின்று கையசைத்தாயே, அதை விடமாட்டேன். ஐந்தரை வருடம் நான் என் கையையே பார்த்துக்கொண்டிருக்க விட்டாயே, அதையும் விடமாட்டேன்.

ஸ்ரெல்லாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். உன்னோடு இருப்பதும் வருவதும் அவள் விருப்பம். இங்கே என் வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறது.

இன்று காலை ஒரு பழைய வண்டி வந்தது, எண்ணெய் தானாகக் கலக்காதது. பக்கத்தில் நிற்பவன் வழக்கம்போலக் கானை வாங்கக் கை நீட்டினான். நான் கொடுக்கவில்லை. நானே அளந்து, நானே கலந்து, நானே ஊற்றினேன். ஸ்ராட் பண்ணினோம். நல்ல சத்தம்.

இனி எழுதாதே.

கிறிகோரி