பெட்டிக்குள் தனிக்குடித்தனம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று முப்பத்தெட்டுப் பக்கம். கால்நடை மருத்துவப் பாடநூல் மாட்டின் மூன்றாம் இரைப்பை வரை வந்துவிட்டது. எழுதிய பேராசிரியருக்கு எதையும் மூன்று முறை சொன்னால்தான் திருப்தி. இரண்டை அடித்தேன். கூறியது கூறல். முப்பத்தொரு வருடம் பதிப்பகத்தில் பிழை திருத்திய கை, ஓய்வு பெற்ற பிறகும் அரிக்கிறது.

மாலையில் மருமகள் கேட்டாள்: "அத்தை, என் ஃபைலை எங்கேயாவது மாத்தி வெச்சீங்களா?"

வீட்டில் ஒரே கம்ப்யூட்டர், ஹாலில். காலையில் நான் திருத்துவேன், மதியத்துக்கு மேல் அவள் வீட்டு வரைபடம் போடுவாள். மகனுக்குக் கப்பலில் வேலை, வருவதற்கு இன்னும் மூன்று மாதம் ஆகும். அதுவரை நாங்கள் இரண்டு பேர்தான்.

கால் மணி நேரத்தில் ஃபைல் கிடைத்தது. அவளேதான் வேறு இடத்தில் வைத்திருக்கிறாள். "இங்கதான் இருந்திருக்கு" என்று சிரித்தாள். மன்னிப்பும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

மார்ச் 4

அடுத்தவர் பொருளில் நான் கை வைத்ததாக இந்த அறுபத்திரண்டு வருடத்தில் ஒருவரும் சொன்னதில்லை. நேற்று வரைக்கும்.

மார்ச் 6, வெள்ளி

இனி அவள் ஃபைல் பக்கமே போகாமலிருக்க வழி கிடைத்துவிட்டது. வெளியில் செருகும் ஹார்டு டிஸ்க் ஒன்றில் விண்டோஸ் மாதிரி தனியாக ஓர் இயங்குதளத்தையே போட்டு, கம்ப்யூட்டரை அதிலிருந்து கிளப்பலாமாம். உள்ளே இருக்கும் டிஸ்க்கைத் தொடவே வேண்டாம். பெட்டி ஒன்று, குடித்தனம் இரண்டு. மகனுடைய பழைய டிஸ்க் ஒன்று அலமாரியில் சும்மாதான் கிடக்கிறது.

கம்ப்யூட்டர் கடைக்காரர், இன்ஸ்டால் செய்வதற்கான பென் டிரைவைத் தயார் செய்து கொடுத்தார். "பேரனுக்காம்மா?" என்றார். எனக்கு என்றேன். அதன் பிறகு அவர் பேச்சில் மரியாதை கூடிற்றா, சந்தேகம் கூடிற்றா, சரியாகத் தெரியவில்லை.

மகன் போனில், ஒரே கம்ப்யூட்டரில் தனி லாகின் போட்டால் போதுமே என்றான். நடுவில் தட்டி வைத்த அறை வேறு, தனி வீடு வேறு என்றேன். உங்களுக்குள் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டான். இல்லை என்றேன். இல்லைதானே?

மருமகள்கள்தான் தனிக்குடித்தனம் கேட்பார்கள் என்று யார் சொன்னது. நான் முந்திக்கொண்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

அவள் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். நல்ல நேரம்.

இணையத்தில் இருந்த செய்முறையை முதலில் நோட்டில் எழுதிக்கொண்டேன். மொத்தம் பதினான்கு படி. எழுதியவருக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் பிழை திருத்தியதில்லை போலிருக்கிறது, எழுதும்போதே நான் திருத்திக்கொண்டே வந்தேன். எட்டாவது படி, டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. ஒன்பதாவது படி, கிட்டத்தட்ட அதே வாக்கியத்தில், மறுபடியும் டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. நம் பேராசிரியருக்குச் சொந்தக்காரராக இருக்கும். ஒன்பதை அடித்துவிட்டுப் பதின்மூன்றாக்கினேன்.

பவர் பட்டனை அழுத்தியதும் எஃப் பன்னிரண்டு என்ற விசையைத் தட்ட வேண்டும். மூன்று முறை கோட்டைவிட்டு, நான்காம் முறை பிடித்தேன். பிறகு நாற்பது நிமிடம் அதுவே ஓடியது. அணைத்துப் போட்டபோது கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வந்தது. எந்த இயங்குதளம் வேண்டும், தேர்ந்தெடு என்கிறது. மேலே என்னுடையது, கீழே அவளுடையது. அந்த வரிசையை நான் போடவில்லை. ஆனாலும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அவள் வந்து பார்த்துவிட்டு, "இதெல்லாம் நீங்களேவா அத்தை?" என்று வாயைப் பிளந்தாள். ஏன் செய்தீர்கள் என்று கேட்பாள், அதற்குச் சுருக்கென்று ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். கேட்கவே இல்லை. பதில் வீணாயிற்று.

மார்ச் 10, செவ்வாய்

என் வீடு, என் எழுத்துரு, என் பின்னணி நிறம். நாற்பத்தொரு பக்கம்.

மருமகளுக்கு முதன்முதலாக ஒரு முழு வீட்டை வரையும் வேலை வந்திருக்கிறது. வியாழன் மூன்று மணிக்குள் கட்டட கான்ட்ராக்டருக்கு அனுப்ப வேண்டும். பிடித்துவிட்டால் இனி அவருடைய வரைபடங்கள் எல்லாம் இவளுக்குத்தான். மூன்று வருடமாக இதற்காகத்தான் அலைந்தாள். சாப்பிடும்போதும் விரலால் தட்டில் கோடு போடுகிறாள்.

மார்ச் 12, வியாழன்

எப்படி எழுதுவது இதை.

திருத்திய பக்கங்களைக் கொடுக்கப் பதிப்பகத்துக்குப் போனேன். டிஸ்க்கைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். என் வீடு என்னோடு. அங்கே பழைய ஆட்கள், பேச்சு, போன் பைக்குள்ளேயே கிடந்தது. நான்கரை மணிக்கு எடுத்துப் பார்த்தால் அவளிடமிருந்து பதினோரு அழைப்பு.

வீட்டுக்கு வந்தால் திரை கறுப்பாக இருக்கிறது. மூலையில் ஒரே ஒரு ஆங்கில வரி, ஏதோ கிடைக்கவில்லை என்று. அவள் எதிரில் உட்கார்ந்திருந்தாள், கண்ணெல்லாம் சிவந்து. ஒரு மணியிலிருந்து அப்படியே நிற்கிறதாம். கோடுகள் எல்லாம் முடிந்துவிட்டன, அளவுகளை ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்ப வேண்டியதுதான் பாக்கியாம்.

"நான் எதையோ தொட்டுக் கெடுத்துட்டேன் போல அத்தை. உங்க புத்தகமும் போயிருக்குமோன்னு பயமா இருக்கு."

நான் டிஸ்க்கைச் செருகிப் போட்டேன். பட்டியல் வந்தது. கீழ்வரியைத் தட்டினேன். அவள் வீடு அப்படியே இருந்தது, ஒரு சுவர் குறையாமல்.

"நீங்க கை வெச்சதும் வந்துடுச்சு பாருங்க!"

ஐந்தே காலுக்கு அனுப்பினாள். பிறகு அவள் அம்மாவிடம் போனில், அத்தைதான் காப்பாற்றினார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருந்தது, எல்லாம் காதில் விழுந்தது. எழுந்து போய் இல்லை என்று சொல்லியிருக்கலாம். காபி குடித்தேன்.

மார்ச் 13, வெள்ளி

அவள் குளிக்கப் போன நேரத்தில் இணையத்தில் அந்தச் செய்முறையை மறுபடி படித்தேன். எட்டாவது படி: இயங்குதளத்தை எந்த டிஸ்க்கில் போடுவது. ஒன்பதாவது படி: கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் சின்ன நிரலை எந்த டிஸ்க்கில் போடுவது. இரண்டும் வேறு வேறு. ஒன்பதைச் செய்யாவிட்டால் அது தானாக உள் டிஸ்க்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன் பிறகு வெளி டிஸ்க் இல்லாமல் எந்த வீட்டுக் கதவும் திறக்காது. இதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார் அந்த மனுஷன். தடித்த எழுத்தில்!

மாத்தி வெச்சீங்களா என்று அவள் கேட்டபோது நான் தொடவில்லை. தொடவில்லை என்று காட்டப் போய்த் தொட்டிருக்கிறேன். தனிக்குடித்தனம் போன மகராசி இரண்டு வீட்டுச் சாவியையும் கைப்பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள்.

மார்ச் 14

சொல்லவில்லை. டிஸ்க் செருகினபடியே இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.

மார்ச் 15, ஞாயிறு

கான்ட்ராக்டர் கோபமாக இருக்கிறாராம். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள் என்றாராம். அவருக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதி, பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். கடைசியாக ஒரு முறை தாளில் பார்த்தால்தான் எனக்குத் திருப்தி என்று அவளுக்குத் தெரியும். சிவப்புப் பேனாவையும் அவளே எடுத்து வந்திருந்தாள்.

"கொஞ்சம் திருத்திக் குடுங்க அத்தை. தப்பு இருந்தா அதுக்கும் ஏதாவது சொல்லுவார்."

இரண்டு ஒற்று விட்டுப்போயிருந்தது, போட்டேன். மூன்றாவது வரி: 'என் கவனக்குறைவால் கம்ப்யூட்டர் பழுதாகிவிட்டது.'

பேனா நின்றுவிட்டது. அவள் நின்றுகொண்டே இருந்தாள். வாக்கியத்தில் குறை ஒன்றும் இல்லை. விஷயம்தான் பிழை. விஷயப் பிழையை விடக்கூடாது என்று எத்தனை புதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்திருப்பேன்.

'என்' என்பதை அடித்து, மேலே 'என் மாமியாரின்' என்று எழுதினேன்.

படித்தாள். என்னைப் பார்த்தாள். நான் நோட்டை எடுத்து, அடித்துவிட்ட ஒன்பதாம் படியைக் காட்டிச் சொன்னேன். எதற்காகத் தனி டிஸ்க் போட்டேன் என்பதையும் சொன்னேன். சுருக்கென்று வைத்திருந்த பதில் இப்போது வாயில் வரவில்லை, வேறு ஏதோ குழறினேன்.

"எப்போ தெரியும் உங்களுக்கு?"

வெள்ளிக்கிழமை என்றேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தை. ரெண்டு நாளா நான் என்னையே திட்டிட்டு இருந்தேன்."

கத்தியிருந்தால் தேவலை. பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அழுகை வந்தது. வரட்டும்.

மார்ச் 16

கடைக்காரர் வந்து பத்து நிமிடத்தில் சரிசெய்தார். இப்போது பட்டியல் வருவதில்லை. நேரே அவள் வீடுதான் திறக்கிறது. எனக்கு வேண்டுமானால் எஃப் பன்னிரண்டைத் தட்டிக்கொள்ள வேண்டும். இந்த மாதிரித் தப்பைப் படித்தவர்கள்தான் செய்வார்கள் என்று ஆறுதல் சொன்னார். மருமகள் அங்கேயேதான் நின்றாள்.

மார்ச் 17

சாப்பிட வாங்க என்கிறாள். அத்தை என்ற சொல் இல்லை.

மார்ச் 20, வெள்ளி

கடிதத்தை நான் சிவப்பில் திருத்திய தாளாகவே, திருத்தியது யார் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறாள். கான்ட்ராக்டர் படித்துவிட்டுச் சிரித்தாராம், மாமியார் மேல் பழியைப் போட்டு மாமியாரிடமே திருத்தி வாங்கிய ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று. ஆனால் அந்த வீட்டை வரையும் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. இவளுக்கு ஒரு கார் ஷெட் கொடுத்திருக்கிறார். அதை ஒழுங்காகப் போட்டால் பார்க்கலாமாம். மூன்று வருட அலைச்சலுக்கு ஒரு கார் ஷெட். என்னால்.

மாலையில் கார் ஷெட் பிரிண்ட் என் மேஜையில் இருந்தது. யார் வைத்தது என்று கேட்கவில்லை. ஓரத்தில் இருந்த குறிப்புகளைத் திருத்தி, அதே இடத்தில் வைத்தேன்.

ஏப்ரல் 2, வியாழன்

பன்னிரண்டு பக்கம்தான். பேராசிரியர் திரும்பச் சொல்லும் இடங்களில் இப்போதெல்லாம் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு அவரையே கேட்கிறேன். வேலை மெதுவாகத்தான் போகிறது.

டிஸ்க்கை எடுத்துத் துடைத்து அலமாரியில் வைத்தாயிற்று, இனி நானும் அவள் வீட்டில்தான். எஃப் பன்னிரண்டைத் தட்டித் தட்டி விரல் வலிக்கிறது என்று அவளிடம் சொன்னேன். நம்பிய மாதிரி இருந்தாள்.

இரண்டாவது கார் ஷெட் வந்திருக்கிறது, கூடவே ஒரு மாடிப்படி. குறிப்புகளைக் காலையில் அவள் ஃபைலிலேயே திருத்தி வைத்தேன். மாலையில் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஹாலிலிருந்து குரல் வந்தது:

"அத்தை, என் ஃபைலை எங்கே வெச்சீங்க?"

கையைத் துடைத்துக்கொண்டு போனேன். இந்த முறை நான்தான் வைத்திருந்தேன்.