எஞ்சினுக்கு அடியில் ஒரு டயர்

பிடிவாதக்காரத் தம்பிக்கு,

எஞ்சினைச் சுற்றிய பிளாஸ்டிக்கைக் கிழிக்கும்போது இந்தக் கடிதம் உன் கையில் விழும். நம் பழைய எஞ்சின் கடைக்கே மனைவி பெயரில் ஆர்டர் போட்டால் எனக்குத் தெரியாதா? நீ அப்பாவோடு கோபித்துக்கொண்டு காரிலேயே நார்வேக்குப் போனதிலிருந்து உன் மனைவி இங்குனின் பெயரை இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. ஆர்டரைப் பற்றி நானும் அப்பாவிடம் மூச்சு விடவில்லை.

நேற்று அவரே முகவரிச் சீட்டை எடுத்துப் பார்த்தார். "இங்குன்" என்று வாய்விட்டுப் படித்தார். அப்புறம், "தள்ளுங்கடா, இதை நான் கட்டுறேன்" என்றார்.

முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு எஞ்சின் தூக்கும் சங்கிலியைத் தொடாதவர். எண்ணெயை வடித்தார், துளைகளையெல்லாம் துணியால் அடைத்தார். அவர் விரல் நுனியால் திருப்ப, அவ்வளவு பெரிய இரும்பு அந்தரத்தில் சுழன்று, சத்தமே இல்லாமல் மரப்பலகையில் இறங்கியது. கோயிலில் நிற்பதுபோல் நின்றேன்.

"என்ன முதலாளி, பொண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கா அனுப்புறீங்க?" என்றான் நம் பட்டறை ஆள் விகின்டாஸ்.

"வாயை மூடிட்டுப் பட்டையை இழுடா."

அடிபடாமல் இருக்க எஞ்சினுக்கு அடியில் நாம் தேய்ந்த டயரைத்தானே வைப்போம்? குனிந்து பார். அப்பா வைத்திருப்பது புத்தம்புது குளிர்கால டயர். உன் காரின் அளவு. நான்கு வாங்கி எப்போதோ ஒளித்து வைத்திருக்கிறார்.

"மிச்சம் மூணையும் அனுப்பிடலாமாப்பா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் பார்சல்ல போகாது. முதல்ல அவன் எஞ்சினை மாட்டட்டும். ஓட்டிட்டு வந்தா, மிச்சத்தை நானே மாட்டி விடுறேன்."

அக்கா